நூறு கிராம் கூட

ஆவரங்குளம், தேவதானம் வழி
14-7-1985

ரத்தினம் மதினிக்கு வேலுத்தாய் எழுதுவது.

ஊர் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கார்டு போடுவாய் என்று பத்து நாளாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்தேன். போடவில்லை. சரி, நானே எழுதுகிறேன். மனதில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கோவில் கொடைக்கு வந்தவள் கொடையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நான் எடை போடுகிற நாளாகப் பார்த்து, யாரும் கூப்பிடாமல் என் சத்துணவு மையத்துக்கு வந்து, உன் சுப்புராஜை என் தராசில் நீயாகவே தொங்கவிட்டாயே, அது எதற்கு? இருபது தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். முள் எட்டு கிலோ அறுநூறில் நின்றது. பிச்சையம்மாள் வாயைப் பிளந்துகொண்டு, "ஏ ஆத்தா, பத்து மாசத்துல எம்புட்டுக் கனம்! ஸ்ரீவில்லிபுத்தூருப் பாலுல்லா!" என்றாள். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறேன்.

உடனே எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "டீச்சர், ஒங்க பிள்ளையையும் போடுங்க. ரெண்டும் ஒரே மாசத்துப் பிள்ளைகதான" என்றார்கள். தூங்குகிறான் என்று சொன்னேன். உன்னை என் அண்ணனுக்கும் என்னை உன் அண்ணனுக்கும் ஒரே முகூர்த்தத்தில் குண்டாமாத்தாகக் கட்டி வைத்த நாளிலிருந்து இதே பாடுதான். உன் சேலையா என் சேலையா, உன் சமையலா என் சமையலா. ஒன்பது நாள் வித்தியாசத்தில் இரண்டு பேரும் ஆண்பிள்ளை பெற்றோம், இப்போது அதையும் உரசிப் பார்க்கிறார்கள்.

நீ போன மறுநாள் சோணைமுத்துவுக்கு எடை போட்டேன். எட்டு எழுநூறு. உன் பிள்ளையைவிட நூறு கிராம் கூட. பார்க்க ஒல்லியாகத் தெரிவான், எலும்பு கனம். அவனுடைய பழைய எடை அட்டை மழையில் நனைந்துவிட்டதால் புது அட்டை போட்டிருக்கிறேன்.

என் அண்ணன் வேலை பார்க்கிற பால்கோவாக் கடையில் சீனி நிறுக்கிற தராசு இருக்குமே, அதில் சுப்புராஜை உட்காரவைத்து எடையை எழுது. இந்தத் தடவை ஊருக்கு முன்னால் வேண்டாம், கடுதாசியில் பார்த்துக்கொள்வோம்.

வேலுத்தாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
2-9-1985

மதினி,

உன் கடுதாசியை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "இது தங்கச்சி எழுதின லெட்டரா, போலீஸ் ஸ்டேஷன் சம்மனா?" என்று கேட்டார். நானும் அதையேதான் கேட்கிறேன்.

நான் ஏன் மையத்துக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியாதா? அது நான் பிறந்த ஊர் மதினி. நீ தராசு மாட்டியிருக்கிற அந்த மடத்து உத்திரத்தில்தான் நான் ஊஞ்சல் கட்டி ஆடினேன். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு, ஊரில் இப்படி ஒரு வேலை வரப்போகிறது என்று சொன்னார்களே, அதற்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தவள் நான். உள்ளூரில் குடியிருக்கிற பெண்ணுக்குத்தான் வேலை என்று சட்டம். என்னை இங்கே அனுப்பிவிட்டு உன்னை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். எட்டு மாதத்தில் வேலை வந்தது. எட்டாவது படித்த நீ டீச்சர். நான் இங்கே பால் அண்டா தேய்க்கிறேன். என் தெருவில் என்னோடு படித்த என் சோட்டுப் பெண்கள் உனக்கு எழுந்து நிற்கிறார்கள். அன்றைக்கு வரிசையில் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது, போதுமா? என்னிடம் காட்டுவதற்கு ஒரு பிள்ளைதான் இருந்தது. காட்டினேன்.

சுப்புராஜ் இந்த மாதம் ஒன்பது முந்நூறு. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்தோம், சந்தேகம் வேண்டாம்.

வருஷம் திரும்பிவிட்டது, இரண்டு பேருக்கும் ஒன்றாக அய்யனார் கோவிலில் மொட்டை போடலாம் என்று அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பிறகு நீதான் தள்ளிப்போட்டாய் என்றும் கேள்விப்பட்டேன். ஏன்?

ரத்தினம்

*

ஆவரங்குளம்
20-11-1985

மதினிக்கு,

மொட்டையைத் தள்ளிப்போட்டது உன் அண்ணனுக்கு மில்லில் லீவு கிடைக்காததால். ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற மனுஷனை மலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போக முடியுமா? இதற்குள் எதையோ தேடாதே.

சோணைமுத்து ஒன்பது நானூறு. இடையில் பேதி போனது, பல் முளைக்கிற பேதிதான். ஐப்பசியில் இரண்டு தடவை, இந்த மாதம் ஒரு தடவை. ஆனால் தீனிக்குக் குறைவில்லை. கிண்ணம் நிறையப் பிசைந்து வைத்தால் நான் திரும்புவதற்குள் காலி. பிறகு வாசலில் உட்கார்ந்து கோழியோடு சேர்ந்து மண்ணையும் கிளறுவான். வாயில் என்னடா என்றால் ஈ என்று காட்டுவான்.

போன வாரம் மேற்பார்வைக்கு ஒரு அம்மா வந்தார். என் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போடுதது இப்படி இருக்கணும்" என்று மற்ற ஊர்க்காரிகளிடம் சொன்னார். எழுபது அட்டையும் என் கையால் போட்டது. மூன்று மாதத்தில் ஐந்நூறு கிராம் ஏறாத பிள்ளைக்குத்தான் சத்துமாவு உருண்டை கொடுக்க வேண்டும். அதற்கும் ஏறாவிட்டால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அழகுத்தாய் மகள் இப்போது உருண்டை தின்கிறாள். என் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை என்று பெருமையாகச் சொல்லலாம்.

உனக்கு வயிறு எரிந்ததை எழுதினாய். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.

வேலுத்தாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
25-1-1986

மதினி,

பொங்கல் படி கொண்டு வந்த அண்ணனிடம், மருமகன் எப்படி இருக்கான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லா திங்கான்" என்றார். அவ்வளவுதான். அண்ணன் பேச்சு எப்போதுமே ஒரு முழம்தான், தெரியும். ஆனாலும் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் நல்லா திங்கான் என்பது பதிலா?

சுப்புராஜ் பத்து இருநூறு. மார்கழியில் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, அதெல்லாம் போய்விட்டது. கடை முதலாளி கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறார்.

சோணைமுத்துவுக்குப் பேதி நின்றதா? இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. உன் பிறந்த வீடு இது. தாலி கட்டிப் போனதோடு சரி, பிள்ளை பெறக்கூட இங்கே வராமல் தேவதானத்து நர்சம்மாவே போதும் என்றாய். நான் குடியிருக்கிற வீட்டுக்கு வர மனசில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடு.

ரத்தினம்

*

ஆவரங்குளம்
30-4-1986

மதினிக்கு,

சோணைமுத்து பத்து முந்நூறு.

வர முடியவில்லை. மையத்தை விட்டுவிட்டு வந்தால் யார் பார்ப்பார்கள்? நீ நினைக்கிற மாதிரி இது நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து நிற்பவர்களைப் பார்க்கிற வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்க வேண்டாம். கண் படும். அவன் மேல் ஏற்கனவே யார் கண்ணோ பட்டிருக்கிறது, யார் கண் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

வேலுத்தாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-8-1986

மதினி,

அய்யனார் கோவிலில் நான் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று நீ நிம்மதியாக இருந்திருப்பாய். பேசியிருந்தால் நான் என்னென்ன பேசியிருப்பேனோ.

இந்த வருஷம் எத்தனை சாக்குச் சொன்னாலும் அண்ணன் விடவில்லை. இரண்டு வயது முடிந்து மூன்றாவது பிறந்தால் ஒற்றைப்படை, இந்த ஆவணியிலேயே மொட்டை போட்டாக வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். வந்தோம். வெயிலில் உன் பிள்ளைக்கு மட்டும் மூன்று சட்டை. ஏன் மதினி இத்தனை சட்டை என்று கேட்டேன், மலைக்காற்று என்றாய்.

ஆனால் மொட்டை தாய்மாமன் மடியில்தான் என்பதை நீ எப்படி மறந்தாய்? சுப்புராஜ் என் அண்ணன் மடியில். சோணைமுத்து உன் அண்ணன் மடியில். உன் அண்ணன் யார்? விடிந்தால் எழுந்து பால் கேன் தூக்குகிறவர், சீனியைக் கையால் அள்ளியே கிலோ சொல்கிறவர். மொட்டை முடிந்ததும் சட்டைகளைக் கழற்றி, சோணைமுத்துவை அருவித் தண்ணீரில் குளிப்பாட்ட என்னிடம் நீட்டினார். நீட்டும்போது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "ஏட்டி, இவன் ஏழரைக்கு மேல இருக்க மாட்டான். மடியில உக்காந்ததே தெரியல" என்று மெல்லச் சொன்னார். அந்தப் பக்கம் என் அண்ணன் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

குளிப்பாட்டினேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது. வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. பின்புறத்தில் தோல் தொங்குகிறது. சுப்புராஜின் எட்டு மாதத்துச் சட்டையைப் பையில் வைத்திருந்தேன், துடைக்கத் துணியாக. அதை அவனுக்குப் போட்டேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடுதாசிகளை எடுத்து வரிசையாக வைத்தேன். நான் எட்டு அறுநூறு, நீ எட்டு எழுநூறு. நான் ஒன்பது முந்நூறு, நீ ஒன்பது நானூறு. நான் பத்து இருநூறு, நீ பத்து முந்நூறு. நீ தராசைப் பார்த்து எழுதவில்லை. என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாய்.

கோபத்தில் கத்தலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். முடியவில்லை. ஏனென்றால் நானும் பொய்தான் எழுதினேன். எட்டு அறுநூறு மட்டும் உண்மை, அது உன் தராசு. ஒன்பது முந்நூறு என்று எழுதியபோது சுப்புராஜ் எட்டு தொள்ளாயிரம். மார்கழியில் காய்ச்சலும் பேதியுமாகக் கிடந்து எட்டு எழுநூறுக்கு இறங்கிப் போனான். அப்படித் தேறாமல் இருந்தபோதுதான் உனக்குப் பத்து இருநூறு என்று எழுதினேன். டீச்சர் பிள்ளையைவிட என் பிள்ளை இளைத்துவிட்டான் என்று உனக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. அவன் பிறகு தேறிக்கொண்டான். அது என் சாமர்த்தியம் இல்லை, வீட்டில் பால் இருந்தது, குழாய்த் தண்ணீர் இருந்தது.

இல்லாத ஒரு பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறாய் மதினி. அந்தப் பிள்ளையைச் செய்து அனுப்பியது நான்.

நாளைக்கே அவனை ராஜபாளையத்தில் டாக்டரிடம் காட்டு. நாளைக்கே.

ரத்தினம்

*

ஆவரங்குளம்
29-8-1986

மதினிக்கு,

உன் கடுதாசியை வாசித்துவிட்டு முதலில் அடுப்பில் போட்டேன். பாதி எரிவதற்குள் எடுத்து அணைத்தேன். இதை எழுதும்போது அந்தக் கருகின காகிதம் பக்கத்தில்தான் இருக்கிறது.

போன வருஷம் நீ போன மறுநாள் அவனை நிறுத்தபோது ஏழு கிலோ நூறு. எட்டு எழுநூறு இல்லை. அதற்கு முந்தின மூன்று மாதமும் ஏழுதான். பழைய அட்டை மழையில் நனையவில்லை, நான்தான் கிழித்தேன். ஏழு நூறு என்று புள்ளி வைக்கப் பென்சிலை எடுத்தேன். பிச்சையம்மாள் மறுபடி வருவாள், அட்டையை எட்டிப் பார்ப்பாள், "ஊருப் பிள்ளைக்கெல்லாம் புத்தி சொல்லுதா, தம் பிள்ளையப் பாரு" என்பாள். அது கூடப் பரவாயில்லை. உன் சிரிப்பு கண்ணுக்குள் நின்றது. நீ பிறந்த வீட்டில் குடியிருக்கிறேன், நீ ஆசைப்பட்ட வேலையைப் பார்க்கிறேன், உன்னிடம் நான் தோற்றதாக இருக்கக் கூடாது. எட்டு எழுநூறில் புள்ளி வைத்தேன். ஓரத்தில் சின்னதாக 'சு 8.6' என்றும் எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் உன் கடுதாசி வந்து, 'சு' எடையை ஓரத்தில் எழுதிய பிறகுதான் என் பிள்ளைக்கு எடை ஏறும். தாமதமானால் அந்த மாதம் புள்ளி வைக்காமல் காத்திருப்பேன்.

மற்ற எல்லாப் பிள்ளைக்கும் சரியாகத்தான் போட்டேன் மதினி. அய்யனார் மேல் சத்தியம். அழகுத்தாய் மகள் அட்டையில் கோடு ஏறாமல் படுத்தபோது உருண்டை கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வீடு தேடிப் போய்த் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லித் தேற்றினேன். அவள் மையத்தில் உட்கார்ந்து உருண்டையைத் தின்னும்போது சோணைமுத்து பக்கத்தில் போய்க் கையை நீட்டுவான். "ஒனக்கு இல்லடா, ஒனக்கு எடை இருக்கு" என்று அந்தக் கையைத் தட்டிவிடுவேன். எத்தனையோ தடவை தட்டிவிட்டேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் லீவு போட்டு எங்களைக் கூட்டிப்போனார். குழந்தை டாக்டர் அவனைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். தராசில் ஏழு அறுநூறு. வளர்ச்சி அட்டை இருக்கா என்று கேட்டார். கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "இது வேற பிள்ளை அட்டைம்மா. மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க" என்றார்.

ஆமா சார், மாறிப்போச்சு என்று சொன்னேன். அப்போதும் பொய்தான் வந்தது. உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அட்டையில் பெயர் சோணைமுத்து, தகப்பன் பெயர் பால்பாண்டி. அவருக்கு வாசிக்கத் தெரியும்.

அவர் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "வேலுத்தாயி, நீ எம்புட்டுப் பிள்ளைகளத் தூக்கி நிறுத்திருக்க" என்றார். பிறகு மில்லுக்குப் போய்விட்டார்.

டாக்டர் சொன்னது இதுதான். குடலின் உள்பக்கம் புதுத் துண்டு மாதிரி பூப்பூவாக இருக்க வேண்டுமாம், அப்போதுதான் சோற்றில் உள்ள சத்தை உறிஞ்சும். அடிக்கடி பேதி போய், கெட்ட தண்ணீரும் கோழி எச்சம் கிடந்த மண்ணும் வயிற்றுக்குள் போய்ப் போய் இவனுக்கு அது நைந்த துண்டாகிவிட்டது. "நீங்க எவ்வளவு ஊட்டினாலும் உடம்புல ஒட்டாது. நல்லா சாப்பிடுறானேன்னு இருந்துட்டீங்க" என்றார். மருந்து கொடுத்திருக்கிறார். காய்ச்சின தண்ணீர், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கோழியை வீட்டுக்குள் விடாமல் இருப்பது, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளைச் சாப்பாடு. நான் ஊருக்கெல்லாம் சொல்கிறதைத்தான் அவர் எனக்குச் சொன்னார். எடை ஏறிவிடும், உயரம் விட்டது விட்டதுதான் என்றும் சொன்னார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீயும் பொய் எழுதினாய் என்றாய். அதை நான் பிடித்துக்கொள்ள மாட்டேன். நீ கடுதாசியில் எழுதினாய். நான் அட்டையில் எழுதினேன்.

மேற்பார்வை அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வேலையில் வைப்பதா எடுப்பதா என்று யோசிக்கிறார்களாம்.

வேலுத்தாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
6-10-1986

மதினி,

வேலை போகவில்லை என்று கேட்டதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதால் அதையும் எழுதுகிறேன்.

ஊரில் பேதி பரவி, கிணற்றையே மூடச் சொல்லிவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். நீ வீடு வீடாக உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக்கொண்டு அலைகிறாயாம். சோணைமுத்துவை அங்கே வைத்திருக்காதே. மழை முடியும் வரை இங்கே கொண்டுவந்து விடு. ராஜபாளையத்து டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைத் தராசில் நிறுத்துக் கிராம் மாறாமல் எழுதுகிறேன். உன் அண்ணன் கையெழுத்தும் போட்டு அனுப்பச் சொல்கிறேன், என் வார்த்தையை நீ நம்ப மாட்டாய்.

யோசித்துக்கொண்டிருக்காதே. என்னிடம் விட மனசு வராது என்று எனக்குத் தெரியும். எனக்கும் வராது.

ரத்தினம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
6-12-1986

மதினி,

இந்தச் சனிக்கிழமை கடைத் தராசில் சோணைமுத்து ஏழு தொள்ளாயிரம். போன வாரம் ஏழு எழுநூற்று ஐம்பது. பதினாறு நாளாகப் பேதி இல்லை. டாக்டர் முதன்முதலாகச் சிரித்தார்.

மறைப்பதில்லை என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். இரண்டு நாளாக என்னை அம்மா என்கிறான். சுப்புராஜைப் பார்த்துச் சொல்கிறான், அவ்வளவுதான். அத்தை என்று சொல்லடா என்று திருத்துகிறேன். தினமும் திருத்துகிறேனா என்று கேட்காதே.

ரத்தினம்

*

ஆவரங்குளம்
10-12-1986

மதினிக்கு,

எடையை மட்டும் எழுது. வேறெதுவும் எழுதாதே.

வேலுத்தாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-1-1987

எட்டு முந்நூறு. மெய்.

ரத்தினம், சிவனாண்டி

*

ஆவரங்குளம்
14-1-1987

மதினிக்கு,

எட்டு முந்நூறு என்ற கார்டை மையத்தில் எல்லாருக்கும் காட்டினேன். பிச்சையம்மாள், "அத்தக்காரி கை ராசிக்காரி" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளை தேறினதற்கு அழுதேனா, உன் கையில் தேறினதற்கு அழுதேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மழை ஓய்ந்துவிட்டது. கோழிகளை எல்லாம் விற்றுவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன், அவனைக் கூட்டிப்போக. நீ இப்போது எந்த இடத்தில் அவனை உட்காரவைத்துச் சோறு ஊட்டுகிறாய் என்று காட்டு. அது என் அம்மா எனக்கு ஊட்டின இடமாக இருக்கும்.

வேலுத்தாய்

*

ஆவரங்குளம்
8-7-1996

மதினிக்கு,

போனில் பேசிக்கொள்ளலாம் என்று கடுதாசியை விட்டு வருஷக்கணக்காகிறது. ஆனால் இதைக் கடைக்காரர் போனில் நின்று சொல்ல முடியாது.

சோணைமுத்து ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு உயர வரிசையில் நிறுத்துகிறார்கள், இவன் முதல் ஆள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் அங்கேயும் இவன்தான் முதல். சுப்புராஜ் என் அண்ணன் தோளுக்கு வந்துவிட்டான், போன மாதம் பார்த்தேன். பார்த்து வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன்.

நேற்று ரேஷன் கார்டைத் தேடுகிறேன் என்று என் பெட்டியைக் கிண்டியவன் அந்த அட்டையை எடுத்துவிட்டான். டாக்டர் வேறு பிள்ளையுடையது என்றாரே, அந்த அட்டை. கிழிப்பதற்கு எத்தனையோ தரம் எடுத்தேன். ஏற்கனவே ஒன்றைக் கிழித்தவள் என்பதால் கை வரவில்லை. அவனுக்கு இந்த வருஷம் கணக்கில் வரைபடம் நடத்துகிறார்கள், புள்ளியைப் பார்த்து வாசிக்கத் தெரிகிறது. ஓரத்தில் நான் எழுதியிருந்த 'சு' யார் என்றும் கண்டுபிடித்துவிட்டான். வீட்டுக்குள் ஓடிவந்து, "யம்மா! சின்னப்பிள்ளைல நான் சுப்புராஜ விடப் பெரியவனா இருந்துருக்கேன்! எல்லா மாசமும்!" என்றான்.

அவன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை மதினி. உண்மை என் வாய் வரைக்கும் வந்தது. பிறகு, "ஆமாடா" என்று சொன்னேன். பத்து வருஷத்துக்கு அப்புறம் அதே அட்டைக்கு மறுபடி ஒரு பொய்.

உங்கள் ஊர் ஆடித் தேருக்கு வருகிறான். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவான், சுப்புராஜிடம் காட்ட. நீ சொல்லிவிடு. உன் வாயால் கேட்டு என்னை வெறுத்தால் வெறுக்கட்டும். எனக்கு வாய் வரவில்லை.

வேலுத்தாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-8-1996

மதினி,

வந்தான். தேர் நிலைக்கு வந்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அட்டையை எடுத்துச் சுப்புராஜ் முன்னால் வைத்தான். நாலாக மடித்து, வேர்வையில் நனையாமல் பாலிதீன் கவருக்குள் வைத்திருந்தான்.

சுப்புராஜ் நம்பவில்லை. ஒன்றரைச் சாண் உயரம் கூட உள்ளவன், எப்படி நம்புவான்? "யம்மா, இவன் புளுகுதான். நீ சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். உன் அண்ணன் இலையை எடுக்கிற சாக்கில் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சோணைமுத்து கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தான், குதிகாலைத் தூக்கிக்கொண்டு. அவன் அப்படி நிற்பது அவனுக்கே தெரியாது. "ஆமாடா. ஒன்னய விட நூறு கிராம் கூட" என்று சொன்னேன்.

சொல்லும்போது எனக்குச் சுருக்கென்றது மதினி. பொய் என்பதால் இல்லை. என் பிள்ளை முகம் சுண்டியதால். பதினோரு வருஷமாக உன்னிடம் விட்டுக்கொடுக்காத நூறு கிராம், என் வாயாலேயே விட்டுக்கொடுத்தேன். எவ்வளவு அற்பமாக இருக்கிறேன் பார்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தேர் வடம் பார்க்கப் போய்விட்டார்கள். முன்னால் சோணைமுத்து, பின்னால் சுப்புராஜ். அப்படி அவர்கள் போய் நான் பார்த்ததில்லை.

ஆனால் இது நிற்காது. உயரம் ஏன் வரவில்லை என்று ஒருநாள் அவனே கேட்பான், வரைபடம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை. அப்போது நீதான் சொல்ல வேண்டும். உருண்டைக்கு நீட்டின கையைத் தட்டிவிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்கைச் சொல்கிறேன். என் இரண்டு பொய்க் கடுதாசியும் உன்னிடம்தான் இருக்கும், எடுத்துக்கொண்டு வா.

பஸ்ஸுக்கு அவசரமாகக் கிளம்பினவன் அட்டையை இங்கே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். நீ அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, அவனிடம் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போ.

அதுவரைக்கும் அவன்தான் பெரியவன்.

ரத்தினம்